கடைசியாக எதைத் தொட்டீர்கள்? மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கான முழுமையான தொற்றுத் தடுப்பு வழிகாட்டி

ஒரு வார்டின் ஓரமாக நின்றுகொண்டு, ஒரே ஒருவருடைய இரண்டு கைகளை மட்டும் கால் மணி நேரம் விடாமல் பார்த்திருக்கிறீர்களா? தொற்றுத் தடுப்புப் பிரிவில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம் என்னை அப்படித்தான் நிற்க வைத்தார்கள், கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து. நான் பார்த்த நர்ஸ் அருமையான வேலைக்காரர், அலட்சியம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்தார். ஒரு நோயாளியின் சிறுநீர்ப் பையைக் காலி செய்தார். அதே கையுறையோடு கட்டில் கம்பியை உயர்த்தினார், டிரிப் வேகத்தைச் சரிசெய்தார், பேனாவை எடுத்து அளவைக் குறித்தார், போன் அடித்ததும் எடுத்துப் பேசினார், திரையை விலக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கே படுத்திருந்த பாட்டியின் தலையணையைச் சரியாக வைத்தார். அப்புறம்தான் கையுறையைக் கழற்றினார். கழற்றிய பிறகு கை கழுவவில்லை.

சிறுநீர்ப் பையிலிருந்து தலையணை வரை ஏழு பொருட்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்தப் பாட்டி இடுப்பு எலும்பு முறிவுக்காக வந்தவர், அவருக்கு எந்தத் தொற்றும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடனடிச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் ஒவ்வொரு 100 பேரிலும் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், வசதி குறைந்த நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையிலேயே ஏதாவது ஒரு தொற்று வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். குணமாக வந்த இடத்திலேயே வாங்கிக்கொண்ட நோய் இது. அதனால்தான் இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன். டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், தூய்மைப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் என்று யாராக இருந்தாலும் இது உங்களுக்கும்தான்.

படி 1: கிருமி வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நூற்றுக்கணக்கான கிருமிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அவை வரும் வழிகள் கொஞ்சம்தான். ஒன்று, தொடுதல்: கை வழியாகவும் பொருட்கள் வழியாகவும் போவது. எம்ஆர்எஸ்ஏ போன்ற மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள், வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் இந்த வகை. இரண்டு, இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளி: இன்ஃப்ளூயன்சா, கக்குவான் இருமல் மாதிரி. மூன்று, காற்றிலேயே மிதந்து வருவது: காசநோய், தட்டம்மை, சின்னம்மை. தட்டம்மை நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த வைரஸ் அங்கே இருக்கலாம். நான்காவது, ரத்தமும் உடல் திரவங்களும்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அப்புறம் எச்ஐவி.

துளிக்கும் காற்றுக்கும் நடுவே கோடு கிழித்தமாதிரி பிரிவு கிடையாது என்பதைக் கோவிட் நன்றாகவே காட்டிவிட்டது. அதனால் சந்தேகம் இருக்கும்போது ஒரு படி கூடுதலாகவே பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாருக்கு என்ன நோய் இருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் பல வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுவார், அவருக்கே தெரியாது. எனவே எல்லாருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாக நினைத்தே கையாள வேண்டும். 'பார்த்தால் நல்லாத்தான் இருக்கார்', 'தெரிந்தவர்தானே' என்ற இரண்டு நினைப்புமே ஆபத்து.

படி 2: கை

கதை பழையதுதான், ஆனாலும் சொல்கிறேன். 1847, வியன்னா. டாக்டர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் வேலை செய்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் இறப்பு மிகவும் குறைவு. காரணம் புரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சக மருத்துவர் ஒருவர் பிரேதப் பரிசோதனையில் கத்தி கீறி, அதே நோய் போன்ற அறிகுறிகளோடு இறந்தார். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம் என்று செம்மல்வெய்ஸுக்குப் பொறி தட்டியது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். சில மாதங்களில் இறப்பு 2 சதவீத அளவுக்கு இறங்கியது. இப்படிப்பட்ட நோய் கிருமியால்தான் வருகிறது என்று யாரும் நிரூபிக்காத காலம் அது. நமக்கு அதெல்லாம் தெரியும், இருந்தும் கை கழுவ மறக்கிறோம்.

எப்போது கழுவ வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி, டிரஸ்ஸிங், கதீட்டர் (உடலுக்குள் விடும் குழாய்) போன்ற சுத்தமான வேலைக்கு முன். ரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டில், மேசை, டிரிப் ஸ்டாண்டை மட்டும் தொட்டிருந்தாலும் அதற்குப் பின். நான் பார்த்த வரையில் 'பின்' எல்லாம் ஓரளவு நடக்கிறது, ஏனென்றால் அது நம் பாதுகாப்பு. கோட்டை விடுவது 'முன்' என்கிற இரண்டையும், அந்தக் கடைசி தருணத்தையும்தான். ஐந்தும் நினைவில் நிற்கவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கை கடைசியாக எதைத் தொட்டது, அடுத்து எதைத் தொடப்போகிறது?

எதனால்? கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லையென்றால் ஆல்கஹால் ஹேண்ட் ரப் போதும், சொல்லப்போனால் சோப்பை விட அதுதான் நல்லது, வேகமாகக் கொல்லும், தோலையும் குறைவாகவே கெடுக்கும். 60 முதல் 80 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். உள்ளங்கை நிறைய எடுத்து, காயும் வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். இரண்டு சொட்டு எடுத்துத் தடவிவிட்டு ஓடுவதில் பயன் இல்லை. கையில் ரத்தம், மலம், சளி ஏதாவது பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், மொத்தம் 40 முதல் 60 விநாடி. நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றோ நோரோ வைரஸோ இருந்தாலும் சோப்புதான், ஏனென்றால் முதலாவதின் வித்துகளை (கடினமான உறைக்குள் தூங்கும் நிலையில் இருக்கும் கிருமிகளை) ஆல்கஹால் ஒன்றும் செய்யாது, இரண்டாவதையும் அது சரியாக அடக்குவதில்லை.

எப்படி? பயிற்சி வகுப்பில் நாங்கள் ஒன்று செய்வோம். ஒளிரும் ஜெல்லைக் கையில் தேய்க்கச் சொல்லி, வழக்கம்போலக் கழுவிவிட்டு வரச் சொல்லி, புற ஊதா விளக்கின் கீழே கையைக் காட்டச் சொல்வோம். உள்ளங்கை பளிச்சென்று சுத்தமாக இருக்கும். கட்டைவிரலைச் சுற்றி, விரல் நுனியில், நக இடுக்கில், விரல்களுக்கு நடுவே, மோதிரத்துக்கு அடியில் நீலமாக மின்னும். இருபது வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். நோயாளியை முதலில் தொடுவது நம் விரல் நுனிதான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆகவே வரிசை இப்படி: உள்ளங்கையோடு உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்குகள், மடக்கிய விரல்களின் பின்பக்கம், கட்டைவிரலை மற்ற கையால் பிடித்துச் சுழற்றுவது, கடைசியில் விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது. தண்ணீரில் கழுவினால் குழாயை வெறும் கையால் மூடாமல், கை துடைத்த தாளால் மூடுங்கள்.

நகம் குட்டையாக இருக்கட்டும், ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம், மோதிரமும் கைக்கடிகாரமும் டியூட்டியில் கழற்றி வையுங்கள், முழுக்கையை முழங்கைக்கு மேலே மடக்கிவிடுங்கள். தோல் வெடித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், வெடித்த தோலில் கிருமி தங்கும், எரிச்சலால் நீங்களும் கழுவுவதைத் தவிர்ப்பீர்கள். ஈரம் காக்கும் க்ரீம் பூசுங்கள். சோப்பும் ஹேண்ட் ரப்பும் அடுத்தடுத்துப் போடத் தேவையில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்ட் ரப் பாட்டில் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வார்டின் கோடியில் ஒரே ஒரு வாஷ்பேசினை வைத்துவிட்டு, முப்பது நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸிடம் ஏன் கழுவவில்லை என்று கேட்பது நியாயமே இல்லை.

படி 3: கையுறை எப்போது, எப்போது கூடாது

ரத்தம், உடல் திரவம், வாய், மூக்கு போன்றவற்றின் உள்பக்கச் சளிச்சவ்வு, புண் இவற்றைத் தொடப்போகிறீர்கள் என்றால் கையுறை கட்டாயம். பிபி பார்க்க, டெம்பரேச்சர் எடுக்க, கைப்பிடித்து நடக்க வைக்க, வழக்கமாகத் தேவையில்லை. கையுறை போட்டதும் மனம் 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று நினைத்துக்கொள்கிறது, உடனே கை எல்லாவற்றையும் தொட ஆரம்பிக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. அதே நோயாளியிடம்கூட அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்கு மாறும்போது கழற்றி, கை சுத்தம் செய்து, புதிது போட வேண்டும். கையுறைக்கு மேல் ஹேண்ட் ரப் தடவி மறுபடி பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளிப்புறமாகக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, மற்ற கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே விட்டு, முதலாவதையும் சேர்த்து மூடுகிறமாதிரி உரியுங்கள். தொட்டியில் போட்டுவிட்டுக் கை சுத்தம் செய்யுங்கள், கண்டிப்பாக. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், கழற்றும்போதும் படும்.

படி 4: கவுன், மாஸ்க், கண்ணாடி

2003இல் சார்ஸ் என்ற கடுமையான நுரையீரல் தொற்று பரவியபோது நோய் வந்த 8,000க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். அந்த நோயை முதலில் அடையாளம் கண்டு உலகத்தை எச்சரித்த டாக்டர் கார்லோ அர்பானியும் அதே நோயால் இறந்தார். பாதுகாப்பு உடை என்பது சடங்கு இல்லை என்று சொல்ல இதற்கு மேல் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

போடும் வரிசை: கை சுத்தம், கவுன், மாஸ்க், கண்ணாடி அல்லது முகத்தடுப்பு, கடைசியில் கையுறை, அதன் விளிம்பு கவுனின் மணிக்கட்டை மூட வேண்டும். கழற்றும் வரிசைதான் முக்கியம், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் சோர்வும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். முதலில் கையுறை, அடுத்து முகத்தடுப்பைப் பின்பக்கப் பட்டியைப் பிடித்து, பிறகு கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, அறையை விட்டு வெளியே வந்த பிறகு மாஸ்க். நடுநடுவே கையில் ஏதாவது பட்டதாகத் தோன்றினால் அங்கேயே ஹேண்ட் ரப், எல்லாம் முடிந்ததும் மறுபடி. உங்கள் இடத்தில் கொஞ்சம் மாறின வரிசை சுவரில் ஒட்டியிருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஆளுக்கொரு வரிசை வைத்துக்கொள்வதுதான் தவறு. முடிந்தால் ஒருவர் எதிரே நின்று படி படியாகச் சொல்ல, மற்றவர் கழற்றட்டும்.

சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் துளிகளுக்குப் போதும். காற்றில் பரவும் நோய்க்கும், மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, சளி உறிஞ்சுவது போன்ற வேலைகளுக்கும் என்95 வேண்டும். இது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும்தான். போட்டதும் இரண்டு கையாலும் மூடி மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குக் கம்பியையும் பட்டிகளையும் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டாது, தாடி வைத்திருப்பவர்கள் தலையை மூடும் வேறு வகைக் கருவியைக் கேட்க வேண்டியதுதான். மாஸ்க்கை தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசிவிட்டு மறுபடி ஏற்றுவது, முன்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வது இரண்டும் மாஸ்க் போட்ட பலனையே கெடுத்துவிடும்.

படி 5: வாசலிலேயே பிடியுங்கள், ஜன்னலைத் திறங்கள்

வார்டுக்குள் வந்த பிறகு தனிமைப்படுத்துவது தாமதம். ரிசப்ஷனில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, உடம்பில் தடிப்பு இருக்கிறதா? ஆம் என்றால் உடனே மாஸ்க் கொடுத்து, கூட்டத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் சந்தேகம், அவரை வரிசையில் காத்திருக்க விடாமல் முதலில் பார்த்து அனுப்புங்கள்.

காற்றில் பரவும் நோயாளிக்குத் தனி அறை, கதவு மூடியே இருக்க வேண்டும். வசதி உள்ள இடங்களில் எதிர்மறைக் காற்றழுத்த அறை (உள்ளே இருக்கும் காற்று வார்டுப் பக்கம் கசியாத அறை) இருக்கும், மணிக்கு 12 முறை காற்று மாறும். அங்கேகூட, நோயாளி வெளியேறிய பிறகு காற்றில் இருக்கும் கிருமிகளில் 99 சதவீதம் போக 23 நிமிடம் ஆகும், மணிக்கு 6 முறைதான் மாறும் என்றால் 46 நிமிடம். அதுவரை மாஸ்க் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். அப்படிப்பட்ட அறை இல்லையா? எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தையும் பாருங்கள்: காற்று உங்கள் பக்கமிருந்து நோயாளியைத் தாண்டி வெளியே போக வேண்டும். நோயாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஃபேன் உங்கள் முகத்துக்கு நேராக அடிக்கிறது என்றால் நாற்காலியை இன்றைக்கே மாற்றிப் போடுங்கள்.

படி 6: ஊசி

ஊசி நம்மைக் குத்துவது பல நேரம் ஊசி போடும்போது நடப்பதில்லை. போட்டு முடித்த பிறகு மூடியை மறுபடி மாட்டும்போது, டிரேயில் வைத்துவிட்டு மறந்துபோகும்போது, நிறைந்து வழியும் டப்பாவுக்குள் திணிக்கும்போது, இல்லாவிட்டால் குப்பைப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் காலில். கடைசியில் சொன்னது எனக்கு மனசு ஆறாத விஷயம். யாரோ ஒருவர் இரண்டு அடி நடக்க மனமில்லாமல் போட்ட ஊசி, அதைப் பார்த்தே இராத ஒருவரைக் குத்துகிறது.

ஆகவே மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. வேறு வழியே இல்லை என்றால் மூடியை மேசையில் வைத்து, ஒரே கையால் ஊசியை உள்ளே நுழைத்து எடுங்கள், மற்ற கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். துளைக்க முடியாத டப்பாவை ஊசி போடும் இடத்துக்கே எடுத்துப் போங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அனுப்பிவிடுங்கள். ஊசியைக் கையிலிருந்து கைக்கு மாற்றாதீர்கள், டிரேயில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நோயாளி பக்கமிருந்து பார்த்தால்: ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச், ஒரே முறை. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை இன்னொருவருக்குப் பயன்படுத்துவதும் தவறுதான், ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியிருக்கும். பலமுறை எடுக்கும் மருந்துக் குப்பியில் ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புது சிரிஞ்ச், ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, திறந்த தேதியை எழுதி வையுங்கள்.

குத்திவிட்டால் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் கூடாது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிதுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டுப் பல நிமிடம் அலசுங்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு அலசுங்கள். அடுத்த வேலை உடனே தெரிவிப்பது, ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், ஹெபடைடிஸ் சி 2 சதவீதத்துக்கும் குறைவு, எச்ஐவி ஏறக்குறைய 0.3 சதவீதம். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பிக்கு தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) 24 மணி நேரத்துக்குள் கிடைத்தால் நல்லது. ஹெபடைடிஸ் சிக்கு முன்தடுப்பு மருந்து இல்லை, ஆனால் தொற்றைப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் இப்போது மாத்திரையிலேயே பெரும்பாலானோருக்குக் குணமாகிறது.

ஊசி குத்தியதைச் சொன்னவரைத் திட்டும் மேலதிகாரிகளுக்கு: உங்கள் திட்டைக் கேட்டபிறகு அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார், 72 மணி நேரம் சத்தமில்லாமல் போய்விடும்.

படி 7: சுத்தம் செய்வது ஒரு தொழில்நுட்பம்

தரை பளபளக்கும், கட்டில் கம்பியில் பிசுக்கு இருக்கும். பல இடங்களில் நான் பார்த்தது இதுதான். நோய் பரப்புவதில் தரையை விடக் கை அடிக்கடி படும் இடங்கள்தான் மோசம்: கட்டில் கம்பி, அழைப்பு மணி, கதவுப் பிடி, லைட் சுவிட்ச், டிரிப் ஸ்டாண்ட், மானிட்டர் பட்டன், கம்ப்யூட்டர் கீபோர்டு, பிபி பட்டை, ஸ்டெதஸ்கோப், அப்புறம் நம் எல்லாருடைய கைபேசியும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும்.

முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் துடைத்து எடுங்கள், அப்புறம் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கும், மேலிருந்து கீழுக்கும் துடையுங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் புதுத் துணி, நனைத்த துணியை மறுபடி வாளியில் முக்காதீர்கள். கிருமிநாசினி போட்ட பரப்பு குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும், அந்த நேரம் டப்பாவிலேயே எழுதியிருக்கும். தடவின உடனே உலர்ந்த துணியால் துடைப்பது வீண்.

பிளீச் கரைசல் கணக்கு இதோ. 5 சதவீதம் உள்ள திரவ பிளீச்சில் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதம், இது சாதாரணப் பரப்புகளுக்கு. 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம், இது ரத்தம் சிந்திய இடத்துக்கு. தினமும் புதிதாகக் கலக்கவும், வெயிலில் வைக்காமல் மூடி வைக்கவும். ஆசிட் வகைக் கழிவறைக் கிளீனரோடோ அமோனியாவோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும். சிறுநீர் சிந்தியிருந்தால் நேராக அதன்மேல் பிளீச் ஊற்றாதீர்கள், முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ரத்தம் சிந்தினால் யாரும் மிதிக்காமல் மறியுங்கள், கையுறை போட்டு, உறிஞ்சும் தாளைப் போட்டு ஒற்றி எடுத்து மருத்துவக் கழிவில் போடுங்கள், சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், பிறகு 0.5 சதவீதக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். உடைந்த கண்ணாடி இருந்தால் இடுக்கியால் எடுங்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்கு இதையெல்லாம் யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்களா? பெரும்பாலும் இல்லை. ஒரு துணியும் வாளியும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தடித்த கையுறை, மூடிய செருப்பு, தடுப்பூசி, பயிற்சி நான்கும் கொடுங்கள், தொற்றுத் தடுப்புக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

படி 8: கருவிகள்

எர்ல் ஸ்பால்டிங் என்பவர் வகுத்த பிரிவு இன்றும் பயன்படுகிறது. உடலின் கிருமியற்ற பகுதிக்குள் போகும் கத்தி, கத்தரி போன்றவை முழுக்கக் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும். சளிச்சவ்வைத் தொடும் எண்டோஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) போன்றவற்றுக்கு உயர்நிலைக் கிருமிநாசம், அதாவது பெரும்பாலான வித்துகள் தவிர மற்ற கிருமிகளை எல்லாம் கொல்வது. தோலை மட்டும் தொடுபவற்றைக் கழுவித் துடைத்தால் போதும். எதுவாக இருந்தாலும் முதல் வேலை தேய்த்துக் கழுவுவது, ரத்தம் காய்வதற்கு முன்பே. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில்) போட்ட பொட்டலத்தின் டேப் நிறம் மாறிவிட்டது என்றால் அது சூடு பட்டது என்று மட்டும்தான் பொருள், உள்ளே எல்லாம் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. அதனால்தான் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கிறார்கள்.

படி 9: குழாய்கள், துணி, கழிவு

சிறுநீர்க் குழாய், மருந்து ஏற்றக் கையில் போடும் கேனுலா, இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போடும் சென்ட்ரல் லைன் எல்லாமே கிருமி உள்ளே போகத் திறந்து வைத்த வாசல்கள். தினமும் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு குழாய்க்கும் 'இது இன்றைக்கும் வேண்டுமா?' என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் டாக்டர் பீட்டர் பிரோனோவாஸ்ட் குழுவினர் சென்ட்ரல் லைனுக்கு ஐந்தே ஐந்து விஷயங்களை வற்புறுத்தினார்கள்: கை சுத்தம், முழு பாதுகாப்பு உடையும் விரிப்பும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைச் சுத்தம் செய்வது, முடிந்தவரை தொடை வழியைத் தவிர்ப்பது, தேவையில்லாததை எடுத்துவிடுவது. 2006இல் வெளியான முடிவில் ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் இல்லை.

குழாயில் மாட்டிய சிறுநீர்ப் பை, உடலுக்குள் இருக்கும் மூத்திரப்பையை விடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். அழுக்குத் துணியை உதறாதீர்கள், மார்போடு அணைத்துத் தூக்காதீர்கள், கட்டில் பக்கத்திலேயே பையில் போடுங்கள். கழிவைப் பிரிக்கும் நிற விதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்து அட்டவணையைத் தொட்டிக்கு மேலேயே ஒட்டி வையுங்கள், பிரிப்பதை உருவாகும் இடத்திலேயே செய்யுங்கள்.

படி 10: உங்கள் உடம்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். இன்ஃப்ளூயன்சா வருடத்துக்கு ஒருமுறை. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பு சரியில்லாமல் டியூட்டிக்கு வருவதைத் தியாகம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. புற்றுநோய் வார்டில் காய்ச்சலோடு ஒருவர் வேலை செய்தால் அது அங்கே இருக்கும் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்று 48 மணி நேரம், ஃப்ளூ காய்ச்சல் மாத்திரை இல்லாமலே இறங்கி குறைந்தது 24 மணி நேரம், சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை வீட்டில் இருங்கள். இதற்குச் சம்பளம் பிடிக்கும் இடத்தில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பதும் தொற்றுத் தடுப்பு வேலைதான்.

படி 11: கவனியுங்கள், சொல்லுங்கள்

மாதம் ஒருமுறை ஒவ்வொரு வார்டிலும் ஒருவர் நின்று கை சுத்தத் தருணங்களை எண்ணட்டும். எத்தனை வாய்ப்பு, எத்தனை முறை செய்தார்கள், அவ்வளவுதான். ஆள் பெயர் வேண்டாம். எண்ணியதை ஒரு வாரத்துக்குள் அதே வார்டுக்குச் சொல்லுங்கள், ஃபைலில் போட்டுவிட்டால் எண்ணியதில் பலனே இல்லை. ஏன் செய்யவில்லை என்பதையும் கேளுங்கள். ஒரு வார்டில் எண்ணிக்கை படுமோசமாக வந்தபோது விசாரித்தால், பாட்டில் மாட்டிய ஆணி கதவுக்குப் பின்னால் இருந்தது, கதவு திறந்தே இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆணியை மாற்றி அடித்தோம், அடுத்த மாதம் எண்ணிக்கை ஏறியது.

பெரிய டாக்டர் கை சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொடப்போகிறார், நீங்கள் புது நர்ஸ். என்ன செய்வது? நான் கற்றுக்கொடுப்பது இதுதான்: வாயைத் திறந்து குறை சொல்ல வேண்டாம், பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நீட்டி, 'சார், ஹேண்ட் ரப்' என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் கை தானாக நீளும்.